இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நீல பிளாஸ்டிக் அட்டை போட்டு, கறுப்பு ஸ்பைரல் கோத்த ஜெராக்ஸ் நகல் அது. ஒன்பது வருஷமாக என் பீரோவின் மேல்தட்டில், சான்றிதழ் ஃபைலுக்கு அடியில் கிடந்தது. இதற்குள் மூன்று வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் பழைய புத்தகங்களைக் கட்டி எடைக்குப் போடும்போது இதை மட்டும் கையில் எடுப்பேன், திறக்காமலே திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். உள்ளே ஓர் அமெரிக்க நாவல் இருக்கிறது. முழு நாவல் இல்லை, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றுவிடும். ஏன் அங்கே நிற்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இந்த ஜூன் மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர். அதில் ஒருத்தியை மட்டும் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டோம். எங்களைவிட எட்டு வயது மூத்தவள். பி.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி, ஏழு வருஷம் கழித்து மறுபடி படிக்க வந்தவள். கணவர் கரும்பு லாரி ஓட்டினார், மகன் ஒன்றாம் வகுப்பு. திருவெண்ணெய்நல்லூருக்கும் உள்ளே ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நான் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து ரயிலில் வருவேன். இரண்டு பேருக்குமே முதல் பீரியட் பாதியில்தான் வகுப்புக்கு வர முடியும். தாமதமாக வருகிறவர்களுக்குக் கடைசி பெஞ்சுதான் மிஞ்சும். அப்படித்தான் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது.

அக்கா படிக்க வந்ததற்கு அவள் வீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "ஒரு பேப்பரு போச்சுன்னா கூட வூட்டோட இருந்துக்கன்னு சொல்லிட்டாருடி பாப்பா. நானும் சரின்னுட்டேன். எனுக்கு ஏன் போவுது?" அவளுக்குப் போகவில்லைதான். முதல் வருஷம் இரண்டு பருவத்திலும் ஒரு தாளும் நிற்கவில்லை. மதிப்பெண் பட்டியலை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போவாள், கணவரிடம் காட்ட.

எங்கள் கொல்லையில் கரும்பு வெட்ட வருகிற ஆட்கள் எந்த மாதிரித் தெருவிலிருந்து வருவார்களோ, அந்த மாதிரித் தெருவில் பிறந்தவள் அக்கா. அவளுடைய அம்மாவும் அப்பாவும் வெட்டுக்குப் போகிறவர்கள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவள் டப்பாவிலிருந்து கேப்பை அடையைப் பிய்த்துத் தின்பேன், வீட்டில் போய்ச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டதும் இல்லை. அப்போது இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நல்ல தோழியாக இருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் பருவத்தில் அமெரிக்க இலக்கியம் வந்தது. அமெரிக்காவைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவு சினிமாவில் பார்த்ததுதான். எங்கள் ஊர்களில் அங்கே போன ஆட்கள் கிடையாது. வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு, சிங்கப்பூருக்குப் போனவர்கள் உண்டு. அந்த நாட்டின் கவிதையை, நாடகத்தை, நாவலை நாங்கள் படித்த விதத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கைடு வாங்குவோம். கைடில் கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம் இருக்கும், அதற்குக் கீழே கேள்விகளும் பதில்களும். பதிலை மனப்பாடம் செய்வோம். நாவலை யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் வகுப்பில் ஆளுக்கொரு ஜெராக்ஸ் கையில் இருந்தாக வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. அமெரிக்க இலக்கியம் நடத்திய அந்த மேடத்தின் அலமாரியில் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே ஒரு அசல் பிரதி இருக்கும். ஒரு மாணவியிடம் கொடுத்து அனுப்புவார். அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அசலைத் திருப்ப வேண்டும். கடைக்காரர் அந்த நகலை வைத்து மற்றவர்களுக்குப் போட்டுத் தருவார்.

அந்த நாவலுக்கு என்னை அனுப்பினார். தெற்கு மாநிலம் ஒன்றில் கரும்புத் தோட்டக் கூலி ஒருவனின் மனைவியைப் பற்றிய கதை அது. மதியம் புத்தகத்தைக் கொடுத்து, மூன்று மணிக்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும் என்றார் மேடம். கடையில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பக் கூட்டம். என் முறை வரவே இரண்டு மணியாகிவிட்டது. இருபது அத்தியாயம் முடிந்திருந்தபோது கரண்ட் போனது. "எப்ப வரும்னு சொல்ல முடியாது பாப்பா. நாளைக்கு எடுத்துனு வா, மிச்சத்த போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். பாக்கி இருந்தது இரண்டு அத்தியாயம், பதினெட்டுப் பக்கம். நான் அசலை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேடம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். "முடிஞ்சுதா?" என்றார். முடியவில்லை என்றால், இதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்று கேட்பார். முடிந்தது மேடம் என்றேன். அலமாரியைத் திறந்து புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டினார். பூட்டுகிற சத்தம் கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கைடில்தான் எல்லாம் இருக்கிறதே, யார் இருநூறு பக்கம் தாண்டிப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா படித்தாள்.

போகிற பஸ்ஸில் இரண்டு பக்கம், வருகிற பஸ்ஸில் இரண்டு பக்கம். தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவாள். கல்லூரி நூலகத்தில் அகராதியைப் பார்த்து, ஓரத்தில் தமிழில் பொருள் எழுதுவாள். பொருளோடு நிற்க மாட்டாள், தன் பங்குக்கும் ஏதாவது எழுதி வைப்பாள். அந்த நாவலில் வருகிறவர்கள் சோள ரொட்டி தின்பார்கள். அதன் பக்கத்தில் "நம்ம கேப்பை அடை" என்று எழுதியிருக்கிறாள். கங்காணி ஒருவன் வருகிற இடங்களிலெல்லாம் தன் ஊர் மேஸ்திரி ஒருவரின் பட்டப்பெயர் இருக்கிறது. ஒரு நாள் மேடம் வகுப்பில், கரும்பு இந்த நாவலில் துன்பத்தின் குறியீடு என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் எழுதினோம். அக்கா என் காதருகே குனிந்தாள். "சிம்பலாம்டி. கரும்பு கரும்புதான். இங்க பாரு." முழுக்கைச் சட்டைபோலத் தைத்த ரவிக்கையின் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே தோகை அறுத்த பழைய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு வெட்டுக்குப் போனபோது பட்டதாம். "எழுதினவங்க கரும்புக் கொல்லைக்குள்ள போயிருக்காங்க. போவாதவங்களுக்கு தோகை அறுக்கறது காலையில தெரியாது, சாயந்திரம் குளிக்கசொல்லதான் எரியும்னு எழுத வராது" என்றாள். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை அவள் வகுப்புக்குள் வரும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது. உட்கார்ந்ததும் நகலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். இருபதாம் அத்தியாயத்தின் முடிவில் அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவன் வீட்டை விட்டு விடியற்காலையில் நடந்து ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறாள். தூரத்தில் ரயில் வருகிற சத்தம் கேட்கிறது. பக்கத்தில் பாதி காலியாக இருக்கும்.

"அவ்ளோதானா பாப்பா? முடிஞ்சிடுச்சா? நீதான ஜெராக்ஸ் போட்ட. இதுக்கு மேல இல்லியா?"

சொல்லியிருக்கலாம். மேடத்திடம் போய் நிற்க வேண்டியிருக்கும், நான் பொய் சொன்னது தெரியவரும், திட்டு விழும், அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "அவ்ளோதாங்கா. மாடர்ன் நாவல்னா இப்படித்தான், முடிவ நம்மகிட்டயே விட்டுடுவாங்க" என்றேன். பெரிய படிப்பாளி மாதிரி சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் காலிப் பாதியையே பார்த்தாள். பிறகு அவள் முகம் மெல்லத் தெளிந்தது. "அதுவும் நல்லாதான் இருக்குது" என்றாள்.

அக்டோபரில் செமினார். இன்டர்னல் மதிப்பெண்ணுக்காக ஆளுக்கொரு தலைப்பில் பத்து நிமிஷம் பேச வேண்டும். பேசுவது என்று பெயர், எல்லோரும் கைடைப் பார்த்து வெள்ளைத் தாளில் எழுதிவந்து வாசிப்போம், மேடம் தலையாட்டுவார், கை தட்டுவோம். அக்கா தாள் எதுவும் இல்லாமல் போய் நின்றாள். அந்த நாவலின் முடிவுதான் அவள் தலைப்பு. அவளுடைய ஆங்கிலத்தில் இலக்கணம் அங்கங்கே உதைக்கும், ஆனால் தயங்காமல் பேசினாள். ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஆசிரியர் போய்விட்டார், அவள் ஏறினாளா என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஒரு ஸ்டாப்பிங்கில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ரயில் வருகிற சத்தமே போதும் என்றாள். அவள் நின்று பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார். "எங்கேயிருந்து எடுத்தீங்க இதை? கடைசி சேப்டர்ல அவ புருஷன்கிட்டயே திரும்பிப் போறா. டெக்ஸ்ட்ட தொட்டே பாக்கலயா? அட்லீஸ்ட் கைடயாவது ஒழுங்கா படிச்சிட்டு வந்திருக்கலாமே" என்றார். முன்பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். மேடம் கொடுமைக்காரர் இல்லை. தன் படிப்புக் காலத்தில் அந்த நாவலை உண்மையாகவே வாசித்தவர், அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்த அறையில் நாவலைக் கையால் தொட்டுப் படித்த ஒரே மாணவி, படிக்காமல் வந்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வழி கேட்பவர் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் குனிந்து நோட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினேன். அங்கே தேட ஒன்றுமே இல்லை. "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்று மாலை பேருந்து நிலையம் வரை சேர்ந்துதான் நடந்தோம். அவள் ஏதாவது கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் கேட்கவில்லை. வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள், மகனுக்குப் பல் விழுந்து முளைக்கிற கதையைச் சொன்னாள். கேட்காததால் நானும் சொல்லவில்லை. இந்த நியாயத்தை ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவையும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்டர்னலில் அவளுக்கு இருபத்தைந்துக்கு நான்கு. நவம்பரில் பரீட்சை எழுதினோம். பொங்கலுக்குப் பிறகு முடிவு வந்தபோது மற்ற எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள், அமெரிக்க இலக்கியத்தில் ஆறு மதிப்பெண்ணில் போய்விட்டது. அரியர் எழுதிக்கொள்ளலாம்க்கா, எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று நான் சொன்னேன். "எழுதலாம்தான். எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதே" என்றாள். பையிலிருந்து நீல அட்டை போட்ட அந்த நகலை எடுத்து என் மடியில் வைத்தாள். "நீ வெச்சிக்க. எனுக்கு இதெல்லாம் தப்பு தப்பாதான் புரியுது." அவளுடைய பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டாள். வெட்டு நடக்கிற காலம், கரும்பு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வரவே இல்லை.

செமினார் ஒன்றினால்தான் அவள் நின்றாள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு ஆயிரம் இருந்திருக்கும். ஆனால் அந்த ஆறு மதிப்பெண் என்னுடைய பதினெட்டுப் பக்கத்தில்தான் போனது. அதை நான் யாரிடமும் சொல்லாமல் எம்.ஏ. முடித்தேன், எம்.ஃபில். முடித்தேன், தகுதித் தேர்வும் எழுதித் தேறினேன். கல்யாணமாகி இப்போது திண்டிவனத்தில் குடியிருக்கிறேன், ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பிள்ளைகள் என்னை மேடம் என்கிறார்கள்.

இந்த ஜூனில் அமெரிக்க இலக்கியத் தாளை என்னிடம் கொடுத்தார்கள். பாடத்திட்டத்தில் அதே நாவல். நூலகத்திலிருந்து அசலை எடுத்துவந்து கடைசி இரண்டு அத்தியாயத்தை முதல் முறையாகப் படித்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்துகொண்டே படித்த பதினெட்டுப் பக்கம் வேறில்லை. ரயில் வருகிறது. இடுப்பிலிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக அடிக்கிறது. அவள் ஒரு படி ஏறி, இறங்கிவிடுகிறாள். திரும்பி நடக்கிறாள். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல அடுப்பு எரிகிறது, யாரும் அவளிடம் எங்கே போனாய் என்று கேட்கவில்லை, அவள் போனதே யாருக்கும் தெரியவில்லை. மேடம் சொன்னது சரி. ஆனால் கைடு சொல்கிறபடி குடும்பத்தின் மேன்மைக்காக அவள் திரும்பவில்லை. இந்தப் பக்கங்களை அக்கா படித்திருந்தால் அந்த செமினாரில் என்ன பேசியிருப்பாள் என்று யோசித்தேன். போய்த் திரும்பி வருவதைப் பற்றி அந்த வகுப்பில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரிந்திருக்காது. ஏறுவதைப் பற்றி அவள் பேசினதைவிட அது இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதைக் கேட்க முடியாமல் செய்தவள் நான்.

அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்து நீல அட்டையை எடுத்தேன். பின்பக்கம் திருப்பாமல் முதலிலிருந்து புரட்டினேன். மூன்றாவது தாள் பொருளடக்கம். கடைக்காரர் முதலிலிருந்து எடுத்ததால் அதுவும் நகலில் இருக்கிறது, அது இருக்குமென்று நான் யோசித்ததே இல்லை. இருபத்திரண்டு அத்தியாயங்களின் தலைப்புகளும் வரிசையாக அச்சாகியிருந்தன. படித்து முடித்த ஒவ்வொன்றுக்கும் அக்கா பென்சிலால் டிக் போட்டிருந்தாள், இருபது டிக். இருபத்தொன்றையும் இருபத்திரண்டையும் சுற்றித் தனித்தனியே வட்டம் போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருந்தாள். அழுத்திப் போட்ட வட்டம், அதனால் தாளில் பள்ளம் மட்டும் மிச்சமிருந்தது.

அவளுடைய பழைய எண் என் போனில் இன்னும் இருந்தது. மறுநாள் மதியம் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய்வருகிறாளாம், சாப்பாட்டு நேரம் என்றாள். யாரென்று சொன்னதும் குரல் மலர்ந்தது. மகன் பாலிடெக்னிக் படிக்கிறான் என்றாள். நான் எதையும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் இல்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன், கரண்ட் போனது, மேடத்திடம் சொன்ன பொய், அவளிடம் சொன்ன பொய். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும் பாப்பா" என்றாள். "முன்னாடி பேப்பர்லயே போட்டிருந்துச்சே, இருபத்திரெண்டுன்னு. அதான உன்னாண்ட கேட்டேன். நீ அவ்ளோதான்ன. நீ சொன்னா சரியாதான் இருக்கும்னு அழிச்சிட்டேன்."

"அன்னைக்கு வகுப்புலயாவது சொல்லியிருக்கலாமேக்கா. ஜெராக்ஸ்லயே இல்லன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா யாரு ஜெராக்ஸ் போட்டதுன்னு உன்ன எழுப்பி நிக்க வெப்பாங்க. நீ சின்னப் பொண்ணு. எதுக்கு உனுக்கு பேஜாரு?" சுற்றிலும் டப்பாக்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது. "அவ நெஜமாவே திரும்பிப் போயிடறாளா?"

போய்விடுகிறாள் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லத் தொடங்கினேன், காய்ச்சலைப் பற்றி, ஏறி இறங்கிய அந்த ஒரு படியைப் பற்றி. "அப்ப மேடம் சரியாதான் சொல்லிருக்காங்க" என்றாள். பிறகு, மறந்துபோன ஏதோ சாமானை விசாரிப்பதுபோல, "அந்த புக்குல நான் ஓரத்துல பென்சில்ல எழுதினதெல்லாம் இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள்.

"அப்படியே இருக்குக்கா."

"அழிச்சிடு பாப்பா. நீ பாடம் எடுக்கறவ. புள்ளைங்க யாராவது பாத்து தப்பா படிச்சிக்கப் போறாங்க" என்றாள். மணி அடித்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் அவள் பேசவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அமெரிக்க இலக்கிய வகுப்புக்கு அசலைத்தான் எடுத்துப் போகிறேன், பிள்ளைகளுக்கு இருநூற்று முப்பது பக்கமும் எண்ணிப் பார்த்துத்தான் நகல் கொடுத்தேன். அவர்களும் கைடுதான் படிக்கிறார்கள். நீல அட்டை இப்போது பீரோவில் இல்லை, என் மேஜைமேல் இருக்கிறது. ரப்பரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் பென்சிலை எடுத்து, பொருளடக்கத்தில் அந்த இரண்டு பள்ளத்தின் மேலேயும் மறுபடி வட்டம் போட்டுவிடலாமென்று முனையை வைத்தேன். அது அவளுடைய கேள்வி, நான் அழிக்க வைத்தது. அதை என் கையால் எழுதிச் சரிசெய்ய முடியாது என்று தெரிந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினேன்.